கையால் செய்த போர்ட்ஃபோலியோவா, பிடிஎஃப் போதுமா?

தக்கலை_தூரிகை:
சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். அடுத்த மாதம் சென்னையில் சில பதிப்பகங்களை நேரில் பார்க்கப் போகிறேன். ஏ3 அளவில் துணி அட்டை போட்டு நானே தைத்த போர்ட்ஃபோலியோ (என் படங்களின் தொகுப்பு) ஒன்றைக் கொண்டுபோக ஆசை. சென்னையின் தாரா புக்ஸ் பதிப்பகம் ஸ்கிரீன் பிரிண்டில் கையால் செய்யும் புத்தகங்களைப் பார்த்து வந்த ஆசை இது. நண்பர்களோ டேப்லெட்டில் காட்டினால் போதும் என்கிறார்கள்.

குளச்சல்_கோடு:
நண்பர்கள் சொல்வதே சரி. ஏ3 என்றால் 297 × 420 மில்லிமீட்டர். விரித்தால் அவர்கள் மேசையில் டீ டம்ளர் வைக்கக்கூட இடம் இருக்காது. தாரா மாதிரி இடம் என்றால் இன்னும் ஆபத்து: கையால் புத்தகம் செய்கிறவர்கள் கண்ணுக்குக் கோணல் மூலைதான் முதலில் படும், படம் அப்புறம்தான்.

வடசேரி_பைண்டர்:
கோணல் இல்லாமல் செய்தால் போச்சு! தம்பி, 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) வாட்டர்கலர் தாளின் சொரசொரப்பு டேப்லெட்டில் எங்கே தெரியும்? செய்முறை சொல்கிறேன். 2 மில்லிமீட்டர் கிரே போர்டு என்கிற சாம்பல் அட்டை, மேலே காலிக்கோ என்கிற பைண்டிங் துணி. வெளியே மட்டும் ஒட்டி விட்டால் பசை காயும்போது துணி இழுத்து அட்டை வளையும். உள்பக்கமும் தாள் ஒட்டி, கனம் வைத்துக் காயவிட வேண்டும். நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, அதனால் அவசரம் ஆகாது. மைதா பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். அதை மூலப்படத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், தாமிரம் தாளைப் பழுப்பாக்கும்.

குளச்சல்_கோடு:
இவ்வளவு பாட்டுக்கு இரண்டு புதுப் படம் வரைந்துவிடலாம் அண்ணே. நான் டிஜிட்டலில் வரைகிறவன், எனக்கு மூலமே திரைதான். அச்சடித்தால் என் நீலம் செத்துப்போகும்.

வடசேரி_பைண்டர்:
புத்தகமாக வரும்போதும் சிஎம்ஒய்கே என்கிற நான்கு மையில்தானே அச்சாகும்? அங்கே சாகிற நீலத்தை இங்கேயே காட்டிவிடுங்கள்.

மார்த்தாண்டம்_மை:
நான் கையால் செய்வதன் கட்சி. ஆனால் தைக்காதீர்கள். தைத்துவிட்டால் வரிசை மாறாது. ஒரு பதிப்பகத்துக்கு விலங்குப் படங்கள் முன்னால் வேண்டும், இன்னொன்றுக்குப் பாடப்புத்தக வேலை. அதே அட்டையில் மூடியோடு ஒரு பெட்டி செய்து, தாள்களை உதிரியாகப் போடுங்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் போகும். பன்னிரண்டு படம் தாராளம். பலவீனமான ஒன்று இருந்தால் பேச்சு அதிலேயே நிற்கும்.

வடசேரி_பைண்டர்:
உதிரித் தாளில் பக்கம் புரட்டும் சுகம் ஏது அக்கா?

மார்த்தாண்டம்_மை:
சுகம் உங்களுக்கு, வேலை அவருக்கு.

குளச்சல்_கோடு:
பெட்டி என்றால் எனக்குச் சண்டை இல்லை. பிடிஎஃப் முதலில், பெட்டி பிறகு. நேரில் கூப்பிடுவதே பிடிஎஃப்பைப் பார்த்துத்தான்.

தக்கலை_தூரிகை:
பிடிஎஃப் அனுப்பித்தான் நேரம் வாங்கினேன். சரி, தைக்கவில்லை, பெட்டிதான். ஏ4 அளவு போதுமா? இரட்டைப் பக்கப் படம் மூன்று இருக்கிறதே.

மார்த்தாண்டம்_மை:
ஏ4 போதும். அந்த மூன்றையும் ஏ3யில் அச்சடித்து நடுவில் மடித்துப் போடுங்கள். புத்தகத்திலும் அங்கேதான் மடிப்பு விழும். குழந்தையின் முகம் மடிப்பில் சிக்காமல் வரைந்திருக்கிறீர்களா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

வடசேரி_பைண்டர்:
மடிக்கும் முன் தாளை இரண்டு வாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். முரண்டு பிடிக்காமல் வளையும் வாக்கில் மடிப்பு வரட்டும். எதிர் வாக்கில் மடித்தால் கோட்டில் மை வெடிக்கும்.