பொன்னேரியிலிருந்து குழு நடை: எளிது, நடுத்தரம், கடினம் என்று எதை வைத்துப் பிரிப்பது?

தண்டையார்பேட்டைவாசி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதிப் பூங்காவில் காலையில் நடக்கும் இருபது பேர் சேர்ந்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே வயல்வெளிப் பக்கம் நடந்து வருவது என்று முடிவு செய்திருக்கிறோம். கும்மிடிப்பூண்டி மின்தொடர் வண்டியில் ஏறினால் நேரே இறங்கிவிடலாம் என்பதாலும், சுற்றுக் கிராமங்களுக்கெல்லாம் கடைத்தெருவாக இருக்கும் ஊர் என்பதால் திரும்பும்போது உணவுக்கும் பேருந்துக்கும் குறை இராது என்பதாலும், பொன்னேரியைத் தொடக்க இடமாக வைத்துக்கொண்டோம். எங்களுள் மூட்டு வலியுள்ள, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் இருக்கிறார். கல்லூரி மாணவர்கள் இருவர் இருக்கிறார்கள். என் பத்து வயதுப் பேத்தியும் வருவாள். எனவே 5 கி.மீ. வரை எளிது, 10 வரை நடுத்தரம், 15 என்றால் கடினம் என்று எழுதி அறிவித்தேன். சென்ற மாதம் அந்தக் கணக்கு பொய்த்துவிட்டது. எளிது என்று சொல்லி அழைத்துச் சென்ற நடையிலேயே மூவர் பாதியில் ஆட்டோ பிடித்துத் திரும்பினார்கள். அனுபவமுள்ளவர்கள் எதை வைத்துத் தரம் பிரிக்கிறீர்கள்?

திருவொற்றியூர் நடையர்:

அன்பருக்கு வணக்கம். அன்று எத்தனை மணிக்கு நடக்கத் தொடங்கினீர்கள் என்பதை எழுதவில்லையே; எனக்கு ஐயம் அங்கேதான்.

தூரத்தை மட்டும் வைத்து அளப்பது மலைநாட்டவர்களுக்கே போதவில்லை. ஸ்காட்லாந்து மலையேறியான நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்குப்படி, சமதரையில் மணிக்கு ஏறத்தாழ 5 கி.மீ. நடக்கலாம், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பொன்னேரிப் பக்கத்தில் ஏரிக்கரையை விட்டால் ஏறுவதற்கு மேடு ஏது? ஆகவே, அவர்கள் ஏற்றத்தைப் பார்க்கும் இடத்தில் நாம் நிழலைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்பது ஆண்டுகளாகக் குழுக்களை அழைத்துச் சென்றதில் எனக்குப் பட்ட உண்மை. காலை ஒன்பது மணிக்கு மேல் நிழலில்லாமல் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்பதை முதலில் கணக்கிடுங்கள். ஆரணியாற்றங்கரையில் ஆறரை மணிக்குத் தொடங்கும் 8 கி.மீ. என் கணக்கில் எளிது. அதே கரை, அதே 8 கி.மீ., பத்து மணிக்குத் தொடங்கினால் கடினம். பனைகள் வரிசையாக நிற்பதைத் தொலைவிலிருந்து பார்த்து நிழல் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். உச்சி வெயிலில் ஒரு பனையின் நிழலில் ஒருவர் குந்தி உட்காரவே இடம் பற்றாது.

அடுத்தது, ஒருவருக்கு முடியவில்லை என்றால் அங்கிருந்து பேருந்துச் சாலைக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்பது. அது அரை மணிக்கு மேற்பட்டால், தூரம் நான்கே கிலோமீட்டராக இருந்தாலும் நான் அந்த நடையை எளிது என்று எழுதமாட்டேன். உங்கள் மூவருக்கு ஆட்டோ கிடைத்தது என்பதால் பாதையை நீங்கள் சரியாகவே தேர்ந்திருக்கிறீர்கள் என்றும் சொல்லலாம்.

மார்கழி முதல் மாசி வரை தாராளமாக நடத்துங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் நான் நடையே வைப்பதில்லை. யார் வற்புறுத்தினாலும் சரி.

பொன்னேரிக்காரன்:

திருவொற்றியூர் ஐயா சொன்னதோடு காலடி மண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் எங்கள் பக்கத்துக் களிமண் வரப்பில் நூறடி நடந்து பாருங்கள். செருப்போடு ஒட்டிய மண் அடுக்கடுக்காக ஏறி, காலுக்கு ஒரு செங்கல்லைக் கட்டியது போலாகிவிடும். கோடையில் அந்த இடமே வெடித்துக் கிடக்கும், கணுக்கால் பிசகும். ஏரிக்கரை ஓரங்களில் சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறும் என்பதால், தடித்த அடிப்பாகமுள்ள காலணி இல்லாதவர்களைச் சேர்க்காதீர்கள். இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்கிறேன். வரப்பு பொதுவழி அன்று. நாற்று நட்டிருக்கும் நாட்களில் இருபது பேர் வரிசையாக நடந்தால் கரை உடைந்து ஒரு வயலின் தண்ணீர் அடுத்த வயலுக்கு வடிந்துவிடும். வண்டிப்பாதையும் ஏரிக்கரையும் போதாவா?

எண்ணூர் வாசகி:

நான் செவிலியராகப் பணிபுரிகிறேன். பழவேற்காட்டில் 1613-இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை இருந்த இடத்தையும், வாயில் தூண்களில் எலும்புக்கூடு செதுக்கிய அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தையும் பார்த்துவிட்டு, கடற்கரை மணலில் வெறும் 3 கி.மீ. நடக்கலாம் என்று நாங்கள் பன்னிரண்டு பேர் போனோம். ஊருக்குள் நடந்தது சுகமாகத்தான் இருந்தது. மணலில் ஒவ்வொரு அடிக்கும் கால் அரை அடி பின்வாங்கியது. முன்னே போனவர்கள் பேச்சு சுவாரசியத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியாக வந்த என் அக்கா தலைசுற்றி உட்கார்ந்துவிட்டது கால் மணி நேரம் கழித்தே எங்களுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து மணல் வழியை இரண்டு மடங்கு தூரமாகக் கணக்கிடுகிறேன். மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு, பழகிய ஒருவரைக் கடைசி ஆளாக நிறுத்துகிறேன். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் சமனாக அளந்த ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொண்டுபோங்கள். சர்க்கரை நோயாளிகள் மட்டும் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

திருவொற்றியூர் நடையர்:

மாணவர்களுக்கு இதெல்லாம் சப்பென்று இருந்தால் அவர்களைப் பூண்டிப் பக்கம் குடியம் குகைக்கு அனுப்புங்கள். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழங்கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்த அத்திரம்பாக்கமும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது காடு; வனத்துறை அனுமதியின்றிப் போகக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு, மாநில அரசு இதற்கென்று தனி விதிகளே வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து இணையவழி முன்பதிவுக்குத் திறந்திருக்கிறது. அந்தப் பிரிவுகள் மலைப்பாதைக்கானவை. நம் வயல்வெளிக்கு அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

தண்டையார்பேட்டைவாசி:

அனைவருக்கும் நன்றி. ஐயா கேட்டதற்கு விடை: நிலையத்தில் இறங்கி, எல்லோரும் பொங்கலும் வடையும் சாப்பிட்டு முடித்து நடக்கத் தொடங்கும்போது மணி ஒன்பதரை. இம்முறை சிற்றுண்டியை நடைக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். தை மாத இரண்டாம் ஞாயிறு, ஆற்றங்கரை, 6 கி.மீ., எளிது என்று அறிவிப்பு எழுதியிருக்கிறேன்; முந்தின ஞாயிறு நானும் துறைமுகப் பெரியவரும் மட்டும் போய் ஒருமுறை நடந்து பார்க்கப்போகிறோம். ஐந்து மணி வண்டிக்கு எழுந்து வரமாட்டோம் என்று மாணவர்கள்தான் முரண்டு பிடிக்கிறார்கள்.