தாய்மாமன் திருமணக் குடும்பத்தில் எலும்பு மஜ்ஜைக் கொடையாளரைத் தேடுவது எப்படி?

பாலக்கோட்டு அண்ணன்:
வணக்கம். என் தம்பிக்கு அக்யூட் மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜை மாற்றம் தேவை என்று மருத்துவர் கூறியதால் எனக்கும் தங்கைக்கும் எச்.எல்.ஏ. (கொடையாளர் பொருந்துவாரா என்பதைக் காட்டும் செல் அடையாளங்கள்) பரிசோதனை செய்தார்கள், இருவருக்கும் பாதிப் பொருத்தமே வந்துள்ளது. பெற்றோருக்கு எப்படியும் பாதிதான் பொருந்தும் என்று அவர்களைச் சோதிக்கவில்லை. அப்பா, அம்மாவுக்குத் தாய்மாமன். இனி வெளிக் கொடையாளர்தான் வழியா? ‘கிர்’ மரபணுக்களையும் (இயற்கைக் கொல்லி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களைக் கட்டுப்படுத்துபவை) பார்த்தால் நோய் திரும்புமா என்பது தெரிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

ஓசூர் ஆய்வகர்:
பெற்றோரை விட்டுவிடாதீர்கள். எச்.எல்.ஏ. மரபணுக்கள் 6-ஆம் குரோமோசோமில் நெருங்கி அமைந்திருப்பதால், தந்தையிடமிருந்து ஒரு கொத்தும் தாயிடமிருந்து ஒரு கொத்துமாகப் பெரும்பாலும் சிதையாமல் பிள்ளைக்கு வருகின்றன. உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த 25 விழுக்காடு வாய்ப்பு என்பது இதனால்தான். உறவில் மணக்காத பெற்றோருக்கு நீங்கள் சொன்னது பொதுவாகச் சரி. உங்கள் வீட்டில், அப்பாவிடமுள்ள ஒரு கொத்தே, அவருடைய உடன்பிறந்தவரான உங்கள் பாட்டி (அம்மாவின் தாய்) வழியாக அம்மாவுக்கும் வந்திருக்கலாம். அந்தப் பொதுக் கொத்தை அப்பாவிடமிருந்தும், அம்மாவின் மற்றொரு கொத்தை அம்மாவிடமிருந்தும் தம்பி பெற்றிருந்தால், அவருக்கு அம்மாவே முழுப் பொருத்தம். மாறாக, பொதுக் கொத்து அம்மாவிடமிருந்தும் அப்பாவின் மற்றொரு கொத்து அப்பாவிடமிருந்தும் வந்திருந்தால், அப்பா முழுப் பொருத்தம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சொந்தத்தில் மணம் புதிதல்ல என்பதால், அத்தை, மாமா பிள்ளைகளையும் சோதிப்பதில் பொருள் உண்டு. ரத்த வகை வேறு என்பதற்காக யாரையும் (பெரியவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்) ஒதுக்க வேண்டாம்.

அரூர் மருத்துவர்:
நோய் திரும்புமா என்பதைக் ‘கிர்’ மட்டும் சொல்லாது. அந்த மரபணுக்கள் 19-ஆம் குரோமோசோமில் இருப்பவை, எச்.எல்.ஏ. முழுதும் ஒத்த உடன்பிறந்தோரிடமும் அவை வேறுபடலாம். கொடையாளரின் இயற்கைக் கொல்லி செல்கள் எஞ்சிய லுகேமியா செல்களை அழிப்பதால் மீள்நோய் குறையலாம் என்று 2002-இல் இத்தாலியின் பெரூஜியா குழு காட்டியது உண்மைதான். ஆனால் அது கொடையிலிருந்து டி செல்களை (மற்றொரு வகை நோய் எதிர்ப்புச் செல்கள்) நீக்கிச் செய்த பாதிப் பொருத்த மாற்றத்தில் கண்டது, மற்ற முறைகளில் அதே பலன் சீராகக் கிட்டவில்லை. தம்பியின் நோய்ப்போக்கைக் கணிக்க, குரோமோசோம் அறிக்கையையும், எஃப்.எல்.டி.3, என்.பி.எம்.1 மரபணு மாற்றங்களையும், சிகிச்சைக்குப் பின் எஞ்சியுள்ள நோயின் அளவையும் கேளுங்கள். முழுப் பொருத்தம் அமையாவிட்டாலும் மாற்றத்துக்குப் பின் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தைத் தரும் முறை உள்ளதால், உங்களையோ தங்கையையோ கொண்டே செய்யலாம். பலமுறை ரத்தம் ஏற்றியிருந்தால், கொடையாளரின் எச்.எல்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்பொருள் தம்பியிடம் உருவாகியுள்ளதா என்று முதலில் பார்ப்பது அவசியம்.

பாலக்கோட்டு அண்ணன்:
நன்றி. அம்மாவுக்கு ஐம்பதைக் கடந்துவிட்டது, வயது தடையாகுமா?

அரூர் மருத்துவர்:
இளையவரே விரும்பத்தக்கவர் என்றாலும், முழுமையாகப் பொருந்தி உடல்நலத்துடன் இருந்தால் அந்த வயதிலும் உறவினரிடமிருந்து எடுக்கிறார்கள்.