கன்ட்ரோலரிலிருந்து மவுஸ், கீபோர்டுக்கு மாறும்போது எதை முதலில் சரிசெய்வது?

வைகைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பிளேஸ்டேஷன் 4 காலத்திலிருந்து நான் கன்ட்ரோலரில் மட்டுமே ஷூட்டர் விளையாட்டுகளை ஆடி வந்திருக்கிறேன். முதலில் கால் ஆஃப் டியூட்டி, பிறகு ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்; இரண்டிலும் ஓரளவு நன்றாகவே ஆடுவேன். இப்போது வேலைக்காக வாங்கிய கணினியில் நண்பர்களோடு வலோரண்ட் ஆடத் தொடங்கியிருக்கிறேன். அதன் கணினிப் பதிப்பில் கன்ட்ரோலர் செல்லாது என்பதால் மாறியே ஆக வேண்டிய நிலை.

எதிரி தெரிந்தவுடன் கிராஸ்ஹேர் (திரை நடுவில் உள்ள குறி) அவரைத் தாண்டிப் போய்விடுகிறது. திருப்பிக் கொண்டுவந்தால் மறுபக்கம் தாண்டுகிறது. அதே நொடியில் இடது கை செயலற்று நின்றுவிடுகிறது, அல்லது எந்த விசை எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. சிறிது நேரம் ஆடினாலே மணிக்கட்டு வலிக்கிறது. மவுஸும் கீபோர்டும் சாதாரண அலுவலக வகைதான். மவுஸில் 1600 டிபிஐ, விளையாட்டுக்குள் சென்சிட்டிவிட்டி 1 என்று இருக்கிறது.

கன்ட்ரோலரில் வேகமான சென்சிட்டிவிட்டியில் ஆடிப் பழகிய எனக்கு இங்கே எந்த அளவு பொருந்தும்? நல்ல மவுஸ் வாங்கினால் நிலைமை மாறுமா? பழக்கம் வரும்வரை கன்ட்ரோலரை முற்றிலும் ஒதுக்கி வைக்க வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

குறிமுள் (பதில்):

உங்கள் முதல் சிக்கலுக்கு விடை நீங்கள் எழுதியிருக்கும் எண்களிலேயே இருக்கிறது. வலோரண்டில் சென்சிட்டிவிட்டி 1 என்றால், மவுஸ் அனுப்பும் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் பார்வை 0.07 பாகை திரும்பும். 1600 டிபிஐ என்பது ஓர் அங்குல நகர்வுக்கு 1600 எண்ணிக்கை. கணக்குப் போட்டால், மவுஸை 8 செ.மீ. நகர்த்தினாலே நீங்கள் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடுவீர்கள். அதாவது ஒரு பாகை திருப்புவதற்குக் கையை கால் மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைக்க வேண்டும். பல ஆண்டுகள் மவுஸ் பிடித்தவர்களாலும் அதைப் பதற்றத்தில் செய்ய முடியாது. கிராஸ்ஹேர் தாண்டிப் போகாமல் வேறு என்ன செய்யும்?

நீங்களே கணக்கிட்டுக்கொள்ள ஒரு வழி: 13,063 என்ற எண்ணை டிபிஐயால் வகுத்து, வந்த விடையை விளையாட்டுக்குள் இருக்கும் சென்சிட்டிவிட்டியால் வகுத்தால், முழுச் சுற்றுக்கான தொலைவு சென்டிமீட்டரில் கிடைக்கும். 800 டிபிஐ, 0.4 என்று வைத்தால் ஏறத்தாழ 41 செ.மீ. வரும். தொடங்குபவருக்கு 35 முதல் 50 செ.மீ. வரை எதுவும் பொருந்தும் என்பது என் கருத்து. கவுண்டர் ஸ்டிரைக் 2 ஆடுவதாக இருந்தால் அங்கே ஓர் எண்ணிக்கைக்கு 0.022 பாகைதான் என்பதால், வலோரண்ட் எண்ணை 3.18ஆல் பெருக்கிப் போட்டுக்கொள்ளுங்கள், 0.4 அங்கே 1.27 ஆகும்.

கன்ட்ரோலரிலிருந்து வருபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இவ்வளவு குறைவா என்று தயங்குவதற்குக் காரணம் உண்டு. கன்ட்ரோலரில் கட்டைவிரலால் சாய்க்கும் ஸ்டிக் என்பது வண்டியின் ஆக்சிலரேட்டர் போன்றது. எவ்வளவு சாய்க்கிறீர்களோ அவ்வளவு வேகத்தில் பார்வை திரும்பும், சாய்த்துப் பிடித்திருக்கும்வரை திரும்பிக்கொண்டே இருக்கும். பின்னால் திரும்ப நேரம் ஆகுமே என்பதால் வேகத்தைக் கூட்டி வைக்கிறோம். மவுஸில் வேகம் என்று எதுவும் அமைப்பில் இல்லை. கை நகர்ந்த தொலைவுதான் பார்வை திரும்பும் கோணம், கை நின்றால் பார்வையும் அங்கேயே நின்றுவிடும். பின்னால் திரும்ப வேண்டுமா, முழங்கையிலிருந்து வீசி 20 செ.மீ. இழுங்கள், அரை நொடிகூட ஆகாது. உங்கள் கை இன்னும் ஸ்டிக்கின் வழக்கத்தில், இலக்கு வரும்வரை தள்ளு, வந்ததும் எதிர்ப்பக்கம் கொஞ்சம் தள்ளி நிறுத்து என்றே இயங்குகிறது. மவுஸில் எதிர்ப்பக்கம் தள்ளத் தேவையே இல்லை.

இந்தப் பழக்கம் போவதற்கு நான் பரிந்துரைப்பது மிக எளிய பயிற்சி. பயிற்சிக் களத்தில் சுவரில் இரண்டு புள்ளிகளைத் தேர்ந்துகொண்டு, சுடாமல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரே இழுப்பில் போய் நில்லுங்கள். தாண்டினால் திருத்த வேண்டாம். பழைய புள்ளிக்கே திரும்பி மறுபடி இழுங்கள். திருத்துவதற்கு இடம் கொடுத்தால் கை திருத்துவதையே கற்றுக்கொள்கிறது. சலிப்பாக இருக்கும்தான். ஆனால் ஏய்ம் லேப், கோவாக்ஸ் போன்ற பயிற்சி மென்பொருள்களில் மதிப்பெண்ணைத் துரத்துவதைவிட முதல் வாரங்களில் இது அதிகம் பயன்படும்.

மிக முக்கியமாக, ஓர் எண்ணைத் தேர்ந்தபின் அதைத் தொடாதீர்கள். தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு 0.05 கூட்டுவது, குறைப்பது என்று தொடங்கினால் கை எதையும் மனத்தில் கொள்ளாது.

இடங்கைவாசி (பதில்):

குறிமுள் அவர்கள் வலது கையைப் பற்றி எழுதிவிட்டார். மாறுபவர்களைப் பெரிதும் வாட்டுவது இடது கைதான் என்று நான் நினைக்கிறேன், அதைப் பற்றி எழுதுகிறேன்.

குனிந்து பார்க்கும் பழக்கத்துக்கு ஒரு மருந்து: கீபோர்டின் எஃப் விசையைத் தடவிப் பாருங்கள், சிறு மேடு ஒன்று தட்டுப்படும். ஆள்காட்டி விரலை அதில் வைத்து ஒரு விசை இடப்பக்கம் நகர்த்தினால் டி. நடுவிரல் தானாக டபிள்யூவுக்கும் எஸ்ஸுக்கும் போகும், மோதிர விரல் ஏ மீது அமரும், சுண்டுவிரல் ஷிஃப்ட்டைத் தொடும், கட்டைவிரல் ஸ்பேஸில் கிடக்கும். கை விலகும்போதெல்லாம் அந்த மேட்டைத் தேடித் திரும்புங்கள், கண் திரையிலேயே இருக்கட்டும். (இந்த நான்கு விசை ஏற்பாடு ஆதியில் இருந்ததில்லை. டூம் என்ற பழைய விளையாட்டின் காலத்தில் அம்புக்குறி விசைகள்தான். 1997இல் குவேக் விளையாட்டுப் போட்டியில் வென்று, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக்கின் ஃபெராரி காரைப் பரிசாகப் பெற்ற டென்னிஸ் ஃபாங் என்ற வீரரின் வழியாகத்தான் இது பரவியது.)

அடுத்தது, ஸ்டிக்கில் கொஞ்சம் சாய்த்தால் மெதுவாக நடக்கலாம், எந்தத் திசையிலும் போகலாம். விசையில் அழுத்தினால் முழு வேகம், விட்டால் நிறுத்தம், மொத்தம் எட்டுத் திசைகள். இழப்பு போலத் தோன்றினாலும், வலோரண்ட், கவுண்டர் ஸ்டிரைக் போன்ற விளையாட்டுகளில் இதுதான் ஆயுதம். ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சிதறும். நின்று சுட்டால் கிராஸ்ஹேர் இருக்கும் இடத்தில் போகும். கவுண்டர் ஸ்டிரைக்கில் டி அழுத்தி வலப்பக்கம் போகிறவர் நிற்க வேண்டுமானால், டியை விட்டுவிட்டு ஏவை ஒரு கணம் தட்டுவார். சறுக்கல் நின்று உடனே சுட முடியும். வலோரண்டில் விசையை விட்டாலே ஆள் விரைவில் நின்றுவிடுவார் என்பதால் அங்கே இது அவ்வளவு கட்டாயமில்லை.

உங்கள் தடுமாற்றத்தில் ஒரு பங்கு மவுஸால் வந்ததே அன்று. ஏபெக்ஸில் ஒருவரை வீழ்த்தப் பல குண்டுகள் வேண்டும், நகர்ந்துகொண்டே அவர்மேல் குறியைப் பிடித்து வைத்திருப்பதுதான் திறமை. வலோரண்டில் வாண்டல் துப்பாக்கியால் தலையில் ஒரு குண்டு பட்டால் 160 சேதம். முழுக் கவசம் போட்டவருக்கும் மொத்தம் 150தான். எனவே எதிரி வரும் மூலையில் தலை உயரத்தில் கிராஸ்ஹேரை முன்பே வைத்துக் காத்திருப்பவர், எவ்வளவு வேகமாகக் கை வீசுபவரையும் வென்றுவிடுவார். இதைக் கன்ட்ரோலரில் ஆடியிருந்தாலும் நீங்கள் புதிதாகத்தான் கற்றிருக்க வேண்டும்.

அலுவலகக் கீபோர்டைப் பற்றி ஒன்று: மலிவான சில கீபோர்டுகளில் மூன்று நான்கு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று பதிவாகாது. நோட்பேட் போன்ற எழுதும் மென்பொருளைத் திறந்து, நீங்கள் விளையாட்டில் சேர்த்து அழுத்தும் விசைகளை அழுத்திப் பாருங்கள். எல்லாம் பதிந்தால் புதிது வாங்க வேண்டியதில்லை.

கன்சோல்_கிழவர் (பதில்):

மேலே உள்ள இருவரோடும் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் கன்ட்ரோலரை ஒதுக்கி வைப்பது என்ற பேச்சே எனக்கு ஏற்புடையதன்று. கன்ட்ரோலரில் ஆடுபவருக்குக் குறிபார்க்க விளையாட்டே தரும் ஏய்ம் அசிஸ்ட் என்பது சிறு உதவி அன்று. எதிரியின் அருகில் குறி வந்ததும் பார்வை மெதுவாவது ஒன்று. எதிரியோ நீங்களோ பக்கவாட்டில் நகரும்போது பார்வையை அவரோடு சேர்த்துத் திருப்பித் தருவது மற்றொன்று. இரண்டாவதை எந்த மனிதக் கையும் அந்த வேகத்தில் செய்ய இயலாது. ஏபெக்ஸின் கணினிப் பதிப்பில் 0.4 ஆக இருந்த இதன் அளவை 2024 ஆகஸ்டில் தொடங்கிய 22வது சீசனில் 0.3 ஆகக் குறைத்தார்கள் என்றால், மவுஸ் பிடிப்பவர்கள் எவ்வளவு நாள் முறையிட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கன்சோலில் அது 0.6.

ஆகவே ஏபெக்ஸும் கால் ஆஃப் டியூட்டியின் வார்சோனும் ஆடும்போது கன்ட்ரோலரிலேயே தொடருங்கள். கிட்டத்துச் சண்டையில் அது இன்றும் வலிமையான கருவி. வலோரண்டை மவுஸில் ஆடுங்கள்.

குறிமுள்:

இதை ஒரு திருத்தத்தோடு ஏற்கிறேன். விளையாட்டுக்கு ஒரு கருவி என்று பிரித்துக்கொள்வதில் தவறில்லை. ஒரே விளையாட்டில் தோற்கும்போது கன்ட்ரோலரை எடுப்பதும் வென்றபின் மவுஸுக்குத் திரும்புவதும்தான் கெடுதல். ஆயினும் இரண்டாவது வகை உதவி இல்லாமல் நகரும் எதிரியைத் தொடரும் திறன் மவுஸில் தனியாக வளர வேண்டும். வலோரண்ட் மட்டும் ஆடினால் அது அவ்வளவாக வளராது. ஆகவே எப்போதாவது, ரேங்க் இல்லாத ஆட்டங்களில், ஏபெக்ஸையும் மவுஸில் ஆடிப் பாருங்கள்.

வைகைக்கரை:

விரிவான பதில்களுக்கு நன்றி. 800 டிபிஐ, 0.4 என்று மாற்றிவிட்டேன். தாண்டுவது உடனே குறைந்தது, ஆனால் மேசையில் இடம் போதவில்லை, மவுஸ் கீபோர்டில் மோதுகிறது. மணிக்கட்டு வலியும் முழுதாகப் போகவில்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும்: என் தம்பி பிளேஸ்டேஷன் 5இல் ஆடுகிறான். மவுஸைக் கன்ட்ரோலர்போலக் காட்டும் அடாப்டர் ஒன்றை வாங்கலாமா என்கிறான்.

இடங்கைவாசி:

இடப் பிரச்சினைக்குக் கீபோர்டைச் சாய்த்து வையுங்கள்: இடது பக்கம் உங்களை நோக்கியும் வலது பக்கம் உங்களிடமிருந்து விலகி மேசையின் உட்புறம் நோக்கியும் இருக்குமாறு திருப்பினால், எண் விசைகள் உள்ள பகுதி மவுஸின் வழியிலிருந்து நகர்ந்துவிடும். ஓர் இழுப்பில் இடம் தீர்ந்தால் மவுஸை மேசையிலிருந்து ஒரு மயிரிழை உயர்த்தி நடுவுக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும். உயர்த்தும்போது கிராஸ்ஹேர் அசையக் கூடாது. சண்டைகளுக்கு இடையே இதைச் செய்வது பழகிவிட்டால் எதிரி வரும்போது கை எப்போதும் நடுவில் இருக்கும்.

பணம் செலவழிப்பதாக இருந்தால் முதலில் 40 செ.மீ. அகலமாவது உள்ள துணி மவுஸ்பேட் வாங்குங்கள். மவுஸ் அதற்குப் பிறகுதான். அலுவலக மவுஸ் பொதுவாக நொடிக்கு 125 முறை கணினிக்குச் செய்தி அனுப்பும், விளையாட்டு மவுஸ் 1000 முறை. 8 மில்லி நொடிக்கும் 1 மில்லி நொடிக்கும் உள்ள வேறுபாடு அது. உணரலாம், ஆனால் உங்கள் இப்போதைய தடுமாற்றத்துக்கு அது காரணமில்லை. விண்டோஸ் மவுஸ் அமைப்பில் சுட்டியின் துல்லியத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் தேர்வையும் அணைத்துவிடுங்கள். கை வேகத்துக்கேற்பத் தொலைவை மாற்றும் அமைப்பு அது. புதிய விளையாட்டுகள் பல அதைக் கண்டுகொள்வதில்லை என்றாலும், திரையிலும் விளையாட்டிலும் கை ஒரே மாதிரி உணர்வது நல்லது.

வலிக்குக் காரணம் பெரும்பாலும் மணிக்கட்டை மேசையின் விளிம்பில் ஊன்றி, அதை மட்டும் ஒடித்து ஒடித்துத் திருப்புவதே. முழங்கை மேசை உயரத்துக்கு வருமாறு நாற்காலியை உயர்த்தி, முன்கையின் பாதியை மேசைமேல் கிடத்துங்கள். பெரிய திருப்பத்துக்கு முன்கை, நுண்ணிய திருத்தத்துக்கு மட்டும் மணிக்கட்டும் விரல்களும். மவுஸை இறுக்கிப் பிடிப்பதும் வலி தரும், சண்டை முடிந்ததும் பிடியைத் தளர்த்துகிறீர்களா என்று கவனியுங்கள். விரல்களில் மரப்பு இருந்தாலோ, ஓய்வு கொடுத்தும் வலி நீடித்தாலோ ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கன்சோல்_கிழவர்:

தம்பிக்கு அடாப்டர் வேண்டாம் என்று திட்டமாகச் சொல்லிவிடுங்கள். மவுஸின் துல்லியத்தையும் ஏய்ம் அசிஸ்ட்டையும் ஒருங்கே பெறுவதால் அதை மோசடியாகவே கருதுகிறார்கள். ரெயின்போ சிக்ஸ் சீஜில் இப்படி ஆடுபவர்களைக் கண்டுபிடிக்க 2023 முதல் மவுஸ்ட்ராப் என்ற தனி அமைப்பே இயங்குகிறது. கணினிப் பக்கமும் இந்தக் கண்டிப்பு உண்டு. ஏ, டி போன்ற எதிர் விசைகளுக்கு இடையே மாறுவதைத் தானே கவனித்துக்கொள்ளும் கீபோர்டு வசதியைக் கவுண்டர் ஸ்டிரைக் 2இன் அதிகாரப்பூர்வ சர்வர்களில் பயன்படுத்தினால், 2024 ஆகஸ்டு முதல் ஆட்டத்திலிருந்தே வெளியேற்றிவிடுகிறார்கள்.

ஆனால் கால் ஆஃப் டியூட்டி, ஃபோர்ட்நைட் ஆகியவை பிளேஸ்டேஷன் 5இல் யுஎஸ்பி மவுஸையும் கீபோர்டையும் நேரடியாகவே ஏற்கும். அடாப்டர் தேவையில்லை, விதிமீறலும் இல்லை; ஏய்ம் அசிஸ்ட் மட்டும் கிடைக்காது. உங்கள் பழைய அலுவலக மவுஸை அவனிடம் கொடுத்து அதில் தொடங்கச் சொல்லுங்கள்.