மணிக்கூண்டை ஏன் இடித்தோம் என்று சபைக்குச் சொல்லணுமா?

கேள்வி: தாமிரபரணிக்கரை

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்க ஊர் கோவில் கட்டட கமிட்டிக்கு நான் செயலாளர். போன மாசம் பழைய மணிக்கூண்டை இடித்தோம். உள்ளே கம்பி துருப்பிடித்து, காரை கையோடு பெயர்ந்து வந்தது. இன்ஜினியர் பார்த்துவிட்டு, இனிமேல் மணியே அடிக்காதீங்க என்று சொல்லிவிட்டார். சபைக்கு இதை யாரும் அறிவிக்கவில்லை. இப்போ வாட்ஸ்அப் குரூப்பில் "செல்போன் டவருக்கு இடம் விட்டாச்சு, அட்வான்ஸும் வாங்கியாச்சு" என்று ஓடுகிறது. அசனத்துக்கு (சபை விருந்துக்கு) அரிசி தர மாட்டோம் என்று ரெண்டு வீட்டில் சொல்லிவிட்டார்கள். விளக்கம் கொடுக்கலாம் என்றால், கமிட்டியில் பெரியவர் ஒருவர், "கர்த்தருடைய வேலை, அவர் பார்த்துக்கொள்வார். நெகேமியா எல்லாரிடமும் சொல்லிவிட்டா போனார்?" என்கிறார். வேதத்தின்படி இது சரிதானா?

மறுமொழி: கிழக்குத்தெரு

பெரியவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நெகேமியா 2:12 பாருங்க. இடிந்த மதிலைக் கட்ட எருசலேமுக்குப் போய் 3 நாள் இருந்தும் மனசில் உள்ளதை ஒருவரிடமும் சொல்லவில்லை. முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த வேலையை எதிர்த்த சன்பல்லாத்தும் தொபியாவும் அன்றைக்கே குழி பறித்திருப்பார்கள். நம்ம சபையிலும் ஆளுக்கொரு யோசனை சொல்லி ஒரு செங்கல்கூட ஏறாது.

மறுமொழி: ஓய்வுபெற்ற டீச்சர்

பெரியவர் 16-ம் வசனத்தோடு வேதத்தை மூடிவிட்டார் போல. இன்னும் ரெண்டு வசனம் வாசிக்கச் சொல்லுங்க, தம்பி. ராத்திரியில் சில பேரோடு போய், ஏறிப்போன மிருகம் நுழைய வழியில்லாமல் இடிந்து கிடந்ததைப் பார்த்தாரே, அதுவரைக்கும்தான் அவர் வாய் திறக்கவில்லை. பார்த்து முடித்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்: பட்டணம் கிடக்கிற கோலம், தேவனுடைய கரம் தன்மேல் இருந்தது, ராஜா சொன்ன வார்த்தை. அதைக் கேட்ட பிறகுதான் ஜனங்கள் "எழுந்து கட்டுவோம்" என்றார்கள். கட்டும்போதும் எக்காளம் ஊதுகிறவனைப் பக்கத்திலேயே வைத்திருந்தார். கடன் பற்றி ஏழைகள் கூக்குரலிட்டபோது பெரிய சபையையே கூட்டினார் (5-ம் அதிகாரம்). நீங்க இடித்தே முடித்துவிட்டீங்க. இனி எதை மறைக்க?

உங்க விவகாரம் அப்படியே இருப்பது யோசுவா 22-ல். யோர்தானுக்குக் கிழக்கே குடியேறப் போன இஸ்ரவேல் கோத்திரங்களான ரூபன், காத், மனாசேயின் பாதிக் கோத்திரத்தார் ஆற்றோரம் பார்வைக்குப் பெரிய பீடம் ஒன்றைக் கட்டினார்கள். நல்ல எண்ணம்தான். நாளைக்கு மேற்கே இருப்பவர்களின் பிள்ளைகள் நம்ம பிள்ளைகளைப் பார்த்து, "யோர்தான்தான் எல்லை, கர்த்தரிடத்தில் உங்களுக்குப் பங்கில்லை" என்று தள்ளிவிடக் கூடாதே என்ற பயம். பலியிட அல்ல, சாட்சிக்காகக் கட்டினது. ஆனால் கட்டுமுன் ஒரு ஆளனுப்பிச் சொல்லவில்லை! வேறு பீடம் கட்டிக் கர்த்தரை விட்டு விலகிவிட்டார்கள் என்று நினைத்து மற்றக் கோத்திரங்கள் சீலோவில் யுத்தத்துக்கே கூடிவிட்டன. ஆசாரியன் எலெயாசாரின் மகன் பினெகாசும் 10 பிரபுக்களும் நேரில் போய்க் கேட்டதால்தான் ரத்தம் சிந்தாமல் தப்பினார்கள்.

எனக்கு இந்த அதிகாரத்தில் ரொம்பப் பிடித்தது 19-ம் வசனம். சண்டைக்கு வந்தவர்கள்தான், பேயோரில் நடந்த பாவம், ஆகான் செய்த துரோகம் என்று பழசையெல்லாம் இழுத்துத்தான் பேசுகிறார்கள். ஆனாலும் "உங்க தேசம் தீட்டாயிருந்தால் எங்க பக்கம் வந்து எங்களோடு பங்கு வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். தன் நிலத்தையே தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கேள்வி கேட்க வந்த ஆள் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது இருக்கிறார்களா?

கேள்வி கேட்டவர்: தாமிரபரணிக்கரை

நன்றி டீச்சரம்மா. அப்படியென்றால் குரூப்பிலேயே இன்ஜினியர் அறிக்கையைப் போட்டு, புரளி கிளப்பினவரையும் கேட்டுவிடட்டுமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற டீச்சர்

குரூப்பில் வேண்டாம், அங்கே போட்டால் அதற்கும் நாலு கதை கட்டுவார்கள். துருப்பிடித்த கம்பியின் படம், இன்ஜினியர் எழுதிக்கொடுத்தது, இதுவரை ஆன செலவு மூன்றையும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாசித்து, வாசலில் ஒட்டுங்க. புரளிக்காரரைத் தேட வேண்டாம். நெகேமியா ராஜாவாகப் பார்க்கிறார் என்ற புரளியோடு சன்பல்லாத்து முத்திரை போடாத கடிதம் அனுப்பினபோது, நீ சொல்வதுபோல் ஒன்றும் நடக்கவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டு நெகேமியா வேலையைப் பார்த்தார். அரிசி தர மாட்டோம் என்ற ரெண்டு வீட்டுக்கும் மட்டும் நீங்களே நேரில் போங்க, கூடவே அந்தப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு.