விஷவாயுக் குழியில் குதிப்பது கருணையா?

தீபம்_ஏற்று
செப்டிக் டேங்க் மரணச் செய்திகளில் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: காப்பாற்ற இறங்கியவரும் பலி. தன் உயிரை எண்ணாமல் இறங்கிய அந்த மனம் எங்கிருந்து வருகிறது? அதை அருள் என்றுதான் சொல்வேன். 1867இல் வள்ளலார் வடலூர் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் பசித்தவர்களுக்காக எரிகிறதே, அதற்கும் இதற்கும் வேர் ஒன்றுதான். எல்லா உயிரிலும் இறைவன் இருக்கிறான் என்ற நம்பிக்கை போய்விட்டால் பிறருக்காக யார் இறங்குவார்? மதம் வேண்டாம் என்கிறவர்கள் பதில் சொல்லட்டும்.

பக்கிங்ஹாம்_கரை
தோழர், அந்த நொடியில் அவரை இறக்குவது கூட நின்றவன் மேல் உள்ள பாசம். சாமி கும்பிடாதவரும் இறங்குகிறார், கும்பிடுபவரும் இறங்குகிறார். நான் கேட்பது வேறு. முதல் ஆள் ஏன் உள்ளே போனார்? இந்த வேலை ஏன் தலைமுறை தலைமுறையாகச் சில சாதிகளின் தலையிலேயே விழுந்தது? தீட்டு என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்தது மதம்தானே. 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் கேட்டதும் இதைத்தான்: பிறப்பை வைத்து ஒருவனுக்கு இழிவான வேலையை ஒதுக்க யாருக்கு உரிமை? அவனும் என்னைப் போல ஒரு மனிதன். உயிருக்கு மதிப்பு வைக்க இதற்கு மேல் ஒரு காரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

குழி_பாதுகாப்பு
இருவரும் இறங்கியவரைப் பற்றிப் பேசுகிறீர்கள். அவர் ஏன் செத்தார் என்பதை முதலில் பேசுவோம்.

கழிவு அழுகும்போது உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) தாண்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி பயமில்லை என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும் நேரம். 700, 1000 என்று போனால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுவார். ஏணியில் ஏறி வரலாமே என்று யோசிக்கக்கூட அவகாசம் இருக்காது.

இரண்டாவது ஆளுக்கு நிலைமை இன்னும் மோசம். விழுந்தவரின் தோளைப் பிடிக்கக் குனிகிறார், முகம் வாயு திரண்டிருக்கும் மட்டத்துக்கு இறங்குகிறது. 60, 70 கிலோ உடலைத் தூக்க முயலும்போது மூச்சு ஆழமாக வாங்குகிறது. முதல் ஆள் சேற்றைக் கலக்கியிருப்பதால் வாயு முன்பைவிட அதிகமாகவும் இருக்கும். கருணைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கருணையால் ஒரு உயிரும் மீளவில்லை.

மாம்பலம்_வாசி
மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் காற்றாட விட்டுவிட்டு, விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்களே? எரிந்தால் இறங்கலாம் என்பார்கள். அது போதாதா, அண்ணே?

குழி_பாதுகாப்பு
போதவே போதாது. சுடர் அணைய ஆக்சிஜன் ஏறக்குறைய 16 சதவீதத்துக்குக் கீழே போக வேண்டும். 1000 பிபிஎம் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்பது காற்றில் வெறும் 0.1 சதவீதம். விளக்கு நன்றாக எரியும், ஆள் செத்துவிடுவார். மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் அதே விளக்கு வெடிக்க வைக்கும். திறந்து வைப்பதிலும் பயன் குறைவு. மேலே ஆடை கட்டிய கழிவுக்கு அடியில் வாயு சிறைப்பட்டிருக்கும், கம்பை விட்டுக் கிளறிய மறு நொடி வெளியேறும். முகத்தில் கட்டும் துணி, மாஸ்க் எதுவும் இந்த வாயுவைத் தடுக்காது.

சரியான முறை இது. நான்கு வாயுக்களை அளக்கும் மீட்டரின் குழாயை மேல்மட்டம், நடுமட்டம், அடிமட்டம் என்று இறக்கி, ஒவ்வொரு மட்டத்திலும் எண் நிலைக்கும்வரை பொறுக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம்மைத் தொட்டாலே வேலை நிற்க வேண்டும். ப்ளோயர் என்ற காற்றூதி சுத்தமான காற்றை அடிவரை தள்ள வேண்டும். பெட்ரோல் எஞ்சின் என்றால் அதன் புகை குழிக்குள் போகாத தூரத்தில் வைக்க வேண்டும். முக்காலி ஸ்டாண்டு, கயிற்றைச் சுற்றி ஆளைத் தூக்கும் வின்ச், உடல் முழுவதையும் பிடிக்கும் வார்க்கட்டான ஹார்னஸ் மூன்றும் வேண்டும். இடுப்பில் கயிறு கட்டினால் மயங்கியவர் உடல் இரண்டாக மடிந்து குழியின் வாயில் சிக்கிக்கொள்ளும். மேலே நிற்பவர் எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது, வின்ச்சைச் சுற்றித்தான் தூக்க வேண்டும். எதுவுமே இல்லாத இடத்தில் ஒருவர் விழுந்துவிட்டால் 101க்கும் 108க்கும் அழையுங்கள், ப்ளோயர் கிடைத்தால் காற்றை உள்ளே விடுங்கள், ஓடி வருகிறவர்களைக் கையைப் பிடித்தாவது நிறுத்துங்கள். சிலிண்டர் கட்டிய சுவாசக் கருவியோடு வரும் தீயணைப்பு வீரர்தான் இறங்கலாம்.

தீபம்_ஏற்று
ஐயா, இவ்வளவு விளக்கத்துக்கு நன்றி. குதிப்பதைப் புகழ்ந்து எழுதியது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று கையால் கழிவு அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டம் சொல்கிறது. முதல் முறை மீறினாலே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், இல்லை இரண்டும். 1993 முதல் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் இருக்கிறது, இயந்திரமும் இருக்கிறது. ஆனாலும் ஆள் இறங்குகிறாரே! மீட்டரை எடுத்துவரச் சொல்லும் மனம் வேண்டாமா? அந்த மனத்தைத்தான் நான் நம்பிக்கை என்கிறேன்.

பக்கிங்ஹாம்_கரை
அந்த மனம் வேண்டும் என்பதில் நமக்குள் சண்டை இல்லை. அது பக்தியால் தானாக வரும் என்பதைத்தான் ஏற்க மாட்டேன். கும்பாபிஷேகத்துக்கு முன்பு மண்டபத்துக் கழிப்பறைத் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் கூப்பிடும்போது, திருவிழாவுக்கு முன்பு சர்ச்சிலோ தர்காவிலோ கூப்பிடும்போது, மீட்டர் இருக்கிறதா என்று யாராவது கேட்கிறார்களா? இறைவன் குடியிருக்கும் உடல் என்றால் அந்தக் குழிக்குள்ளும் குடியிருக்க வேண்டுமே.

தீபம்_ஏற்று
சுடுகிறது. ஆனாலும் நியாயமான கேள்வி. அதைக் கேட்க வைக்கும் இடம் கோயில்தான் என்று இப்போதும் நம்புகிறேன். அன்னதானத்துக்கு வரிசையாக நிற்கும் ஆயிரம் பேரிடம் ஒரே நாளில் பேசும் வாய்ப்பு எந்த அலுவலகத்துக்கு உண்டு?

குழி_பாதுகாப்பு
பேசுவதானால் இதைப் பேசுங்கள். சென்னையில் பாதாள சாக்கடை இன்னும் எட்டாத புறநகர்த் தெருக்களில் லாரி வந்து உறிஞ்சி எடுக்கிறது. மேலே இருக்கும் தண்ணீர்க் கழிவு குழாயில் சுலபமாக வந்துவிடும். அடியில் இறுகிய சேறு வராது. அப்போது வீட்டுக்காரர் சொல்கிறார்: "காசு கொடுத்திருக்கேன், அடிவரைக்கும் சுத்தமா எடு." ஒருவர் மண்வெட்டியோடு உள்ளே போவது அந்த ஒரு வார்த்தையால்தான்.

அடிவரை எடுக்க வேண்டியதே இல்லை. ஓர் அங்குலமாவது சேறு தங்கினால்தான் அதில் இருக்கும் பாக்டீரியா புதுக் கழிவை மட்க வைக்கும். துடைத்து எடுத்த டேங்க் கொஞ்ச நாள் சரியாகவே வேலை செய்யாது. இறுகியது உண்மையிலேயே அதிகம் என்றால் மேலிருந்தே தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்து மறுபடி உறிஞ்சலாம், இன்னொரு நடை லாரி ஆகும். சேறு இறுகும்வரை பத்து வருடம் விட்டுவைப்பதுதான் மூல காரணம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்தால் குழாயே போதும். துணி, நாப்கின், பிளாஸ்டிக் பை உள்ளே போனால் குழாய் அடைக்கும், அதை எடுக்கவும் ஆளைத்தான் இறக்குவார்கள்.

மாம்பலம்_வாசி
அப்போ லாரிக்காரர்கிட்ட என்ன கேட்கணும்?

குழி_பாதுகாப்பு
கழிவகற்றலுக்கான உதவி எண் 14420க்கு அழைத்து, உரிமம் உள்ள வண்டியைக் கேளுங்கள். வண்டி வந்ததும் காசு பேசும் முன்பே சொல்லிவிடுங்கள்: "யாரும் உள்ளே இறங்கக் கூடாது, குழாயில் வருகிறவரைக்கும் போதும், மிச்சம் இருந்தாலும் முழுக் காசு தருகிறேன்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். காசைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் அவர் இறங்குகிறார்.

பக்கிங்ஹாம்_கரை
இதை அப்படியே நோட்டீஸாகப் போடலாம். தோழர் தீபம், கோயில் வாசலில் ஒட்ட நீங்கள் தயார் என்றால் அச்சுக் கூலியில் பாதி என்னுடையது.

தீபம்_ஏற்று
ஒட்டுகிறேன். அன்னதானக் கூடத்துச் சுவரிலும்.