ஹோவர்போர்டு மோட்டாரில் சுற்றைக் குறைத்ததும் கண்ட்ரோலர் ட்ரிப் ஆகிறது. இண்டக்டன்ஸ்தான் காரணமா?

சக்கரப்பித்து:
எல்லோருக்கும் வணக்கம். பழைய ஹோவர்போர்டின் 36 வோல்ட் மோட்டார் ஒன்றைக் கிக் ஸ்கூட்டரில் பூட்டியிருந்தேன். 27 ஸ்லாட், 30 மேக்னட், ஸ்டார் இணைப்பு (மூன்று ஃபேஸின் ஒரு முனையும் ஒரே புள்ளியில் சேரும்). காயில் கருகிவிட்டதால் நானே ரீவைண்டிங் செய்தேன். கம்பெனி வைண்டிங்கில் பல்லுக்கு 12 சுற்று, 5 கம்பி சேர்த்து. சக்கரம் சுமார் 18 கிமீ வேகத்துக்கு மேல் போகாது. எனக்கு 24, 25 வேண்டும். சுற்று குறைந்தால் வேகம் கூடும் என்பதால் அதே கம்பியில் 10 சேர்த்து 6 சுற்று போட்டேன்.

தூக்கிப் பிடித்தால் ஓடுகிறது, ஆனால் சீறுகிற மாதிரி ஒரு சத்தம். தரையில் வைத்து ஏறி நின்றால் உடனே ஓவர் கரண்ட் ட்ரிப். எரியாத ஜோடி மோட்டார் இதே கண்ட்ரோலரில் ஒழுங்காக ஓடுகிறது.

இரண்டு ஒயருக்கு இடையே எல்சிஆர் மீட்டரில் அளந்த இண்டக்டன்ஸ் (கரண்ட் மாறுவதை எதிர்க்கும் காயிலின் குணம்): நல்ல மோட்டார் 720 மைக்ரோஹென்றி, ரீவைண்டிங் செய்தது 185. ரெசிஸ்டன்ஸ் (1 ஆம்பியர் செலுத்தி வோல்டேஜ் பார்த்தேன்) 0.36 ஓமிலிருந்து 0.09 ஆகிவிட்டது. சுற்று பாதிதானே ஆனது, இண்டக்டன்ஸ் ஏன் கால்வாசி ஆனது? கம்பியைத் தடிமனாக்கியதாலா?

சோக்கு_காயில்:
கம்பித் தடிமனுக்கும் இதற்கும் அநேகமாகச் சம்பந்தமே இல்லை. 5 கம்பி சேர்த்துச் சுற்றினாலும் 10 சேர்த்துச் சுற்றினாலும் கணக்கில் அது ஒரு சுற்றுதான். இண்டக்டன்ஸ் சுற்றின் வர்க்கத்தைப் பொறுத்தது. சுற்று பாதியானால் காந்தப்புலமும் பாதி, அந்தப் புலத்தைப் பிடிக்கிற சுற்றும் பாதி. ஆகவே கால்வாசி. உங்கள் 185 சரியான அளவுதான், வைண்டிங்கில் ஷார்ட் இருப்பதாகத் தெரியவில்லை.

ரெசிஸ்டன்ஸும் கால்வாசி ஆனதைக் கவனியுங்கள். ஸ்லாட்டில் செம்பின் மொத்த அளவு மாறவில்லை (12×5 = 60, 6×10 = 60). அதனால் இரண்டும் ஒரே விகிதத்தில் இறங்கின. இதில் லாபம் என்று எதுவும் இல்லை. ஆம்பியருக்குக் கிடைக்கும் டார்க் (சுழற்றும் விசை) பாதியாகிவிட்டது. பழைய இழுவை வேண்டுமென்றால் இரட்டிப்பு கரண்ட் தர வேண்டும். கரண்டின் வர்க்கம் நான்கு மடங்கு, ரெசிஸ்டன்ஸ் கால்வாசி, ஆகவே காயிலில் சூடு அதே அளவு. மோட்டாருக்கு வலு கூடவில்லை, வேக எல்லைதான் கூடியது. அந்த இரட்டிப்பு கரண்டைச் சுமப்பது கண்ட்ரோலரின் மாஸ்ஃபெட்டுகள் (கரண்டை ஆன், ஆஃப் செய்யும் ஸ்விட்சுகள்).

வேகமானி:
ட்ரிப் ஆவதற்கு இன்னொரு காரணமும் உண்டு நண்பரே. கரண்ட் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை இண்டக்டன்ஸ்தான் கட்டுப்படுத்துகிறது. உங்கள் கண்ட்ரோலர் 16 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சைக்கிள் 62.5 மைக்ரோ செகண்ட். சக்கரம் நிற்கும்போது எதிர் வோல்டேஜ் (பேக் இஎம்எஃப், சுற்றும்போது காயிலிலேயே உண்டாவது) கிடையாது, 36 வோல்ட்டும் காயில் மேல்தான். 720 மைக்ரோஹென்றியில் முழு சைக்கிளும் ஆன் ஆக இருந்தால் சுமார் 3 ஆம்பியர் ஏறும். 185-ல் 12 ஆம்பியர். சைக்கிளுக்கு ஒரு முறை மட்டும் கரண்டைப் பார்க்கும் கண்ட்ரோலர், அடுத்த முறை பார்ப்பதற்குள் எல்லை தாண்டியிருக்கும். சீறல் சத்தம் கரண்ட் ஏறி இறங்கும் அலையால் வருவதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

வெஸ்க் மாதிரி எஃப்ஓசி கண்ட்ரோலர் (மோட்டாரின் அளவுகளை வைத்துக் கரண்டைக் கணக்கிட்டுச் செலுத்துவது) வைத்திருப்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். ரீவைண்டிங் செய்தால் மோட்டார் டிடெக்ஷனை (கண்ட்ரோலரே மோட்டாரை அளந்துகொள்ளும் வசதி) கட்டாயம் மறுபடி ஓட்ட வேண்டும். அதன் கரண்ட் லூப் கெயினே இண்டக்டன்ஸ் அளவை வைத்துத்தான் அமைகிறது. பழைய அளவோடு கால்வாசி இண்டக்டன்ஸ் மோட்டாரை மாட்டினால் லூப் நான்கு மடங்கு முரட்டுத்தனமாக வேலை செய்யும், அதுவே ஆட ஆரம்பித்து ட்ரிப் ஆகலாம்.

பேட்டரிபாபு:
இவ்வளவு கஷ்டம் எதற்கு? 12 சுற்றையே வைத்துக்கொண்டு, ஃபேஸுக்கு இருக்கும் மூன்று காயில் கூட்டத்தைப் பேரலலாகக் கொடுத்தால் வேகம் வந்துவிடுமே?

சோக்கு_காயில்:
வேண்டாம் சார். வரிசையில் இருக்கும் 9 காயிலை மூன்று மூன்றாகப் பேரலல் செய்தால் அது 4 சுற்று போட்ட மோட்டாருக்குச் சமம். இண்டக்டன்ஸ் ஒன்பதில் ஒரு பங்கு, 80 மைக்ரோஹென்றி. இப்போது இருப்பதைவிட மோசம்.

சக்கரப்பித்து:
புரிந்தது, மிக்க நன்றி. பிரிக்காமல் தப்பிக்க வழி இருக்கிறதா? வெளியே ஃபேஸுக்கு ஒரு சோக் காயில் (இண்டக்டன்ஸைக் கூட்டும் தனிக் காயில்) போடலாமா? பிரித்தே ஆக வேண்டுமென்றால் 12 சுற்று போட்டு டெல்டாவில் (மூன்று ஃபேஸையும் வளையமாக இணைப்பது) கட்டினால் எப்படி?

சோக்கு_காயில்:
சோக் போடலாம், வேலையும் செய்யும். ஆனால் உச்ச கரண்டிலும் சாச்சுரேட் ஆகாத (காந்தப்புலம் நிரம்பிவிடாத) கோர் வேண்டும். ஸ்கூட்டரில் மூன்று கனமான காயிலைச் சுமப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. டார்க் பாதியான பிரச்சினையும் தீராது.

டெல்டாவில் வேகம் 1.73 மடங்கு ஆகும், இண்டக்டன்ஸ் மூன்றில் ஒரு பங்கு ஆகும். அதாவது 12 சுற்று டெல்டா என்பது கிட்டத்தட்ட 7 சுற்று ஸ்டார். போதாததற்கு, பேக் இஎம்எஃபில் உள்ள மூன்றாம் ஹார்மோனிக் (மூன்று மடங்கு அதிர்வெண் கொண்ட கலப்பு அலை) டெல்டா வளையத்துக்குள்ளேயே கரண்டாகச் சுற்றி வீணாகச் சூடேற்றும். ஸ்டாரிலேயே இருங்கள்.

வேண்டிய வேகத்திலிருந்து கணக்கை ஆரம்பியுங்கள். 18-ஐ 24 ஆக்க வேண்டும், அதாவது 1.33 மடங்கு. 12-ஐ 1.33-ஆல் வகுத்தால் 9 சுற்று. இண்டக்டன்ஸ் 720-ல் 81/144 பங்கு, 405 வரும். நீங்கள் போட்ட 6 சுற்று 36 கிமீக்கான வைண்டிங். அந்தச் சின்னச் சக்கரத்தில் அந்த வேகம் உங்களுக்கு எதற்கு? 9 சுற்றுக்கு 6 கம்பி தாராளமாகப் போகும். 7 போட்டால் 63 ஆகும், நெருக்கிச் சுற்றினால்தான் உள்ளே நிற்கும். எனாமல் உரியுமென்று தோன்றினால் 6 போதும்.

வேகமானி:
சுற்றி முடித்ததும் மூன்று ஜோடி ஒயரிலும் இண்டக்டன்ஸ் சமமாக இருக்கிறதா பாருங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு காயில் திசை மாறியிருந்தால் இண்டக்டன்ஸில் வித்தியாசம் சிறிதாகத்தான் தெரியும், மீட்டர் பிசகு என்று நினைத்து விட்டுவிடுவோம். சக்கரத்தை ஒரே வேகத்தில் சுற்றவிட்டு ஏசி வோல்டேஜ் பாருங்கள். 9-ல் ஒன்று தலைகீழாக இருந்தால் அந்த ஃபேஸின் வோல்டேஜ் ஏறத்தாழ 7/9 ஆக இறங்கும், பளிச்சென்று தெரியும்.

சக்கரப்பித்து:
பிரித்து 9 சுற்று, 6 கம்பி போட்டுவிட்டேன். மூன்று ஜோடியிலும் 400-ஐ ஒட்டி வருகிறது. பேக் இஎம்எஃப் மூன்றும் சமம். ஏறி நின்றாலும் ட்ரிப் இல்லை, சீறல் வெகுவாகக் குறைந்துவிட்டது. வார்னிஷ் இன்னும் ஊற்றவில்லை. அதற்கு முன்னால் எதையாவது பார்க்க வேண்டுமா?

சோக்கு_காயில்:
மகிழ்ச்சி தம்பி! காயிலுக்கும் ஸ்டேட்டர் இரும்புக்கும் இடையே மெகர் (உயர் வோல்டேஜில் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பாருங்கள். அதற்கு முன் ஹால் சென்சர் (மேக்னட்டின் இடத்தை உணரும் சில்லு) ஒயர்களைக் கண்டிப்பாகக் கழற்றிவிடுங்கள், 500 வோல்ட்டை அவை தாங்காது. இன்சுலேஷன் நன்றாக இருந்தால் ஸ்டேட்டரை மிதமாகச் சூடாக்கி ஈரம் போக்கிவிட்டு வார்னிஷ் ஊற்றுங்கள். பல்லின் முகத்தில் வழிந்ததைக் காய்வதற்கு முன்பே துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் மேக்னட்டில் உரசும்.