‘அமெச்சூர்’ ஆட்டக்காரரை எப்படி அழைப்பது? – அணிக் கோல்ப் கலைச்சொல் விவாதம்

நுவரெலியாவிலிருந்து ஆசிரியை

குழுமத்தினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பாடசாலையின் மாணவர் இதழுக்கு, உயர்தர வகுப்பில் படிக்கும் ஒருவன் உலக அமெச்சூர் கோல்ப் அணிப் போட்டியைப் பற்றிக் கட்டுரை எழுதித் தந்திருக்கிறான். அவனுடைய தகப்பனார் நகரின் நடுவிலுள்ள கோல்ப் மைதானத்தில் பை சுமக்கிறவர். ஆகவே ஆட்டத்தைப் பற்றி அவனுக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. அவன்தான் எனக்குச் சொல்லித் தருகிறான்.

அந்தப் போட்டியில் ஆண்களுக்கான ஐசனோவர் கிண்ணம் 1958 இல் ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸில் தொடங்கியது. நான்கு நாள் ஆடி முடித்தபோது அவுஸ்திரேலியாவும் அமெரிக்காவும் 918 அடிகள் (பந்தை மட்டையால் அடித்த தடவைகள்) என்ற ஒரே எண்ணிக்கையில் நிற்க, மீண்டும் ஆடவைத்ததில் அவுஸ்திரேலியா இரண்டு அடிகளால் வென்றது. பெண்களுக்கான எஸ்பிரிட்டோ சான்டோ கிண்ணம் 1964 இல் பிரான்சில் தொடங்கியது, பிரான்சே வென்றது. இதெல்லாம் அவன் எழுதியது. குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஆட்டத்தையே தொழிலாகக் கொள்ளாதவர் என்ற பொருளில் வரிக்கு வரி ‘அமெச்சூர்’ வருகிறது. “தமிழ் இதழ்தானே டீச்சர், இதற்குத் தமிழ் இல்லையா?” என்று அவனே கேட்கிறான்.

இன்னொரு சொல்லும் வேண்டும். அணிக்கு மூவர் ஆடுகிறார்கள். ஒவ்வொரு நாளும் அவர்களில் சிறந்த இருவரின் எண்ணிக்கையை மட்டும் கூட்டி அணியின் கணக்கில் எழுதுகிறார்கள். அப்படிச் சேர்க்கப்படும் எண்ணிக்கையை எப்படி அழைப்பது, விடப்படுவதை எப்படி அழைப்பது? இதழ் அச்சுக்குப் போகும் முன் பதில் கிடைத்தால் நல்லது.

சென்னையிலிருந்து

அம்மா, இதில் தயங்க வேண்டியதே இல்லை. பயில்முறை நாடகம் என்று நெடுங்காலமாக வழங்கி வருகிறோம். அதே வழியில் ‘பயில்முறைக் குழிப்பந்தாட்ட அணி சாம்பியன் போட்டி’ என்று எழுதலாம். கோல்ப் என்றே எழுதிக்கொண்டிருப்பதும் அழகல்ல. குழிப்பந்தாட்டம் என்ற நல்ல சொல் இருக்கிறது. இரண்டாவதற்கு ‘மதிப்புறு புள்ளி’, ‘மதிப்பறு புள்ளி’ என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாகவும் இருக்கும், இணையாகவும் இருக்கும்.

கண்டியிலிருந்து

ஐயா, விளையாட்டுப் பக்கத்துக்குச் செய்தி திருத்துவது என் வேலை. மதிப்புறு, மதிப்பறு இரண்டையும் ஒரே பத்தியில் கண்டால் எங்கள் மெய்ப்பு பார்ப்பவர் அன்றே விடுப்பு எழுதிவிடுவார். ஓர் உகரம் தவறினால் வென்ற அணி தோற்றுப்போகும்.

பயில்முறைக்கும் நான் இசைய மாட்டேன். பயில்பவர் என்றால் இன்னும் கை திருந்தாதவர் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். ஐசனோவர் கிண்ணத்தில் ஆடுகிறவர்கள் அப்படிப்பட்டவர்களா? 1960 இல் அமெரிக்காவின் மெரியன் மைதானத்தில் இருபது வயது ஜெக் நிக்லஸ் நான்கு நாளில் 269 எடுத்தார். அதே மெரியனில் 1950 இல் நடந்த அமெரிக்க ஓபன் போட்டியில், தொழில்முறை ஆட்டக்காரர் பென் ஹோகன் உட்பட முதலிடத்தில் சமமாக நின்ற மூவரும் எடுத்தது 287. இந்த ஆட்டத்தில் எண்ணிக்கை குறையக் குறையச் சிறப்பு என்பதை வாசகருக்கு நினைவுபடுத்துகிறேன். பத்து ஆண்டு இடைவெளியில் மைதானத்தின் நிலை மாறியிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஹோகனை விடப் பதினெட்டு அடிகள் குறைவாக எடுத்தவரைப் பயில்முறை ஆட்டக்காரர் என்று தலைப்பில் போடுவதா?

சரி, ‘தொழில்முறையல்லாத’ என்று போடலாமே என்பார்கள். தலைப்பில் இதை ஏற்றினால் அணிக்கும் கிண்ணத்துக்கும் இடம் மிஞ்சாது என்பது என் சொந்தக் கவலை. அதைவிடப் பெரிய சிக்கல் மலையகத்தில் இருக்கிறது. இங்கே தொழில் என்றால் உழைப்பு. தொழிலாளி, தொழிற்சங்கம் என்று பிறந்தது முதல் கேட்கும் சொல். காலையில் மட்டையை வீசுகிற கனவானின் பின்னால் பை சுமந்து நடக்கிறவர் செய்வது தொழில். அவரே மாலையில் அதே மைதானத்தில் ஆடினால் அவர் தொழில்முறை ஆட்டக்காரரா? வரலாற்றில் இந்தக் கேள்வி வேடிக்கையாக எழவில்லை. ஒரு காலத்தில் அமெரிக்க விதிகளின்படி, குறித்த வயதைக் கடந்த பின்னும் கூலிக்குப் பை சுமந்தவர் அமெச்சூர் தகுதியை இழந்தார். இங்கிலாந்துக் கிரிக்கெட்டில் 1962 வரை ‘கனவான்கள்’ ஓர் அணியாகவும் ‘ஆட்டக்காரர்கள்’ ஓர் அணியாகவும் பிரிந்து மோதினார்கள். காசு தேவைப்படாதவன் கனவான், தேவைப்பட்டவன் வெறும் ஆட்டக்காரன். அமெச்சூர் என்ற சொல்லுக்குள் இந்த மேட்டிமை நெடுநாள் குடியிருந்தது.

இன்றைய விதி வேறு. பை சுமந்து கூலி வாங்குவதால் அமெச்சூர் தகுதி போகாது. புல் வெட்டிப் பராமரித்துச் சம்பளம் வாங்கினாலும் போகாது. காசுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, போய்விடும். ஆகவே ‘ஊதியம் பெறா ஆட்டக்காரர்’ என்று யாராவது முன்மொழிய நினைத்திருந்தால் அதுவும் நிற்காது. மாணவனின் தகப்பனார் கோல்பினால் ஊதியம் பெறுகிறவர், ஆனாலும் அமெச்சூராக ஆடத் தடையில்லை. ‘பரிசுப்பணம் பெறாதவர்’ என்பதும் 2022 ஜனவரி 1 இல் காலாவதியாகிவிட்டது. அன்று முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி அமெச்சூர் ஒருவர் 1,000 அமெரிக்க டொலர் பெறுமதி வரை பரிசு வாங்கலாம். திறமை குறைந்தவருக்குக் கழித்துக்கொடுக்கும் சலுகை அடிகள் இல்லாத போட்டியென்றால் அதைக் காசாகவே வாங்கலாம்.

என் வாதம் இதுதான். அமெச்சூருக்கும் மற்றவருக்கும் நடுவில் உள்ள எல்லைக்கோட்டை விதி வகுப்பவர்கள் அவ்வப்போது நகர்த்துகிறார்கள். அந்த எல்லையைச் சொல்லுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டால், கோடு நகரும் ஒவ்வொரு முறையும் சொல் கிழியும். பெயர் பெயராக இருக்கட்டும்; வரையறையை விதிப்புத்தகம் பார்த்துக்கொள்ளட்டும். தொழில்முறை என்பதற்கு எதிரே நிற்க ‘விழைமுறை’ போதும் என்று நினைக்கிறேன். விழைந்து ஆடுகிறவர் என்பதோடு அது நிறுத்திக்கொள்கிறது. திறமையைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ வாய் திறக்கவில்லை. ‘ஆர்வலர்’ இருந்த இடம் போய்விட்டது. கோல்ப் ஆர்வலர் என்றால் இன்று கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்கிறவர்.

போகிற போக்கில் ஒன்று. பை சுமப்பவரைத் தமிழில் எழுதும்போது ‘கெடி’ என்றே எழுதுங்கள். நெடில் போட்டுக் ‘கேடி’ என்று அச்சான ஒரு செய்தியைப் பார்த்திருக்கிறேன். பொலிஸ் பக்கத்துக்குப் போக வேண்டியது வழிதவறி வந்ததுபோல் இருந்தது.

ஹட்டனிலிருந்து

மகள், தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். கோல்ப் ஆடியதில்லை. ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடிவதில்லை.

நீங்கள் எழுதியதை ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். முதல் நாள் மூவரும் 70, 72, 78 எடுத்தார்கள் என்று வையுங்கள். அணிக்கு 142, அந்த 78 போய்விட்டது. மறுநாள் அதே 78 காரர் 68 எடுக்கிறார், முதல் நாள் 70 எடுத்தவர் 75 இல் நிற்கிறார், நடுவிலிருப்பவர் மறுபடியும் 72. அணிக்கு 140, இன்று கழிந்தது நேற்றைய கெட்டிக்காரரின் கணக்கு. ஆகவே ஆள் கழிவதில்லை, அன்றைய கணக்குத்தான் கழிகிறது. நீங்கள் வைக்கும் சொல் ஆளின் மேல் ஒட்டக் கூடாது. ‘கழிக்கப்பட்ட ஆட்டக்காரர்’ என்று எழுதினால் அந்தப் பிள்ளை அடுத்த நாள் எந்த முகத்தோடு வந்து நிற்பான்?

எங்களுக்குத் தெரிந்த சொல் ‘பேர்’. கொழுந்து நிறுத்து, குறித்த கிலோ இருந்தால் அன்றைக்கு ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். பேர் விழுந்தால்தான் சம்பளம். மூன்று பேர் ஆட, இரண்டு பேருக்குப் பேர் விழுகிறது. ‘பேர் விழுந்த கணக்கு’, ‘பேர் விழாத கணக்கு’ என்று எழுதினால் மலையகப் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவையில்லை.

தம்பி சொன்ன விழைமுறை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மழையை விழைந்து பாட்டு எழுதுகிறவர்கள் சொல்லும் வார்த்தை மாதிரி இருக்கிறது. பழகினால் சரியாகிவிடுமோ என்னவோ.

கண்டியிலிருந்து

ஐயா, ஆள் வேறு, அன்றைய கணக்கு வேறு என்று பிரித்தீர்களே, அதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ‘பேர்’ மட்டும் வேண்டாம். அரைப் பேர் இன்றைக்கும் தொழிற்சங்கங்கள் பேசித் தீராத விவகாரம். விளையாட்டுப் பக்கத்தில் ‘பேர் விழவில்லை’ என்று போட்டால் எந்தத் தோட்டத்தில் என்று கேட்டுத் தொலைபேசி வரும்.

‘எடுபட்ட கணக்கு’, ‘எடுபடாத கணக்கு’ என்று வைத்தால் என்ன? அவன் பேச்சு சபையில் எடுபடவில்லை என்கிறோம். அவன் பேசாமல் இருந்துவிட்டான் என்று அதற்குப் பொருளில்லை. அந்த 78 உம் அப்படித்தான், ஆடி எடுத்த 78, அன்றைக்கு எடுபடவில்லை.

‘மூவரில் இருவர் முறை’ என்று யாரும் பெயர் வைத்துவிட வேண்டாம். ஆண்கள் போட்டியில் 2000 வரை அணிக்கு நால்வர், அவர்களில் மூவரின் கணக்குச் சேர்ந்தது. 2002 இல்தான் மூவரில் இருவர் என்று ஆனது. பெண்கள் போட்டியில் தொடக்கம் முதலே மூவர். ஆட்களின் எண்ணிக்கையும் அமெச்சூர் எல்லைக்கோட்டைப் போலத்தான், இடம் மாறும்.

‘அடி’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘நிக்லஸ் 269 அடி’ என்று எழுதினால் பந்து போன தூரம் என்று படிப்பார்கள். நுவரெலியா மைதானமே கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால் குழப்பம்தான். அளவைப் பெயர் எண்ணுக்குப் பின் பன்மை விகுதி ஏற்பதில்லை. ஆகவே தூரத்துக்கும் உயரத்துக்கும் ‘அடி’, மட்டை வீச்சுக்கு ‘அடிகள்’ என்று ஒழுங்கு வைத்துக்கொண்டால் புதுச்சொல் தேட வேண்டியதில்லை.

சென்னையிலிருந்து

எடுபட்ட, எடுபடாத – ஏற்கிறேன். விழைமுறையையும் மறுக்கவில்லை. குழிப்பந்தாட்டத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நுவரெலியாவிலிருந்து ஆசிரியை

எல்லாருக்கும் நன்றி. ஐயா, குழிப்பந்தாட்டத்தைக் கட்டுரையின் முதல் வரியில் ஒருமுறை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு கோல்ப்தான். எங்கள் ஊரில் குழி என்றால் தேயிலைக் கன்று நட வெட்டுவது. பந்தை அதில் போட்டால் கங்காணி கேள்வி கேட்பார்.

மாணவனிடம் இழை முழுவதையும் காட்டினேன். எடுபட்ட கணக்கு அவனுக்கு உடனே பிடித்துவிட்டது. அதை வைத்து இரண்டாம் பக்கத்தை முழுவதுமாகத் திருத்தி எழுதிவிட்டான். ஹட்டன் ஐயா போட்ட 70, 72, 78 கணக்கையும், ‘கற்பனை எண்கள்’ என்று குறிப்பிட்டு, பெட்டிச் செய்தியாக வைத்திருக்கிறான். அடி, அடிகள் ஒழுங்கும் இறங்கிவிட்டது. மூன்று இடத்தில் பிசகியிருந்ததை அவனே கண்டுபிடித்தான்.

விழைமுறைக்குத்தான் வீட்டில் சோதனை. அவன் தகப்பனாரிடம் “விழைமுறை ஆட்டக்காரர் என்றால் என்ன விளங்குகிறது?” என்று கேட்டானாம். “அது எந்த டிவிஷன்?” என்று கேட்டாராம் அவர். அமெச்சூர் என்றதும் அவருக்கு விளங்கியதோடு, யார் யார் அமெச்சூர், யார் அப்படிச் சொல்லிக்கொண்டு பந்தயம் கட்டுகிறவர் என்பது வரை சொல்லிவிட்டாராம். அந்தப் பகுதியை இதழில் போட முடியாது.

ஆகவே தலைப்பில் ‘உலக அமெச்சூர் அணிக் கோல்ப்’ என்றே இருக்கட்டும். உள்ளே ‘விழைமுறை’ என்று தொடங்கி, முதலில் வரும் இடத்தில் ‘அதாவது அமெச்சூர்’ என்று சேர்த்து, பிறகு விழைமுறை என்றே கடைசி வரை எழுதச் சொல்லியிருக்கிறேன். 2022 விதிமாற்றத்தை ஒரு பத்தியாக அவனே சேர்த்துக்கொண்டான். பை சுமந்தவர் தகுதி இழந்த பழைய விதியைப் படித்தபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அதையும் எழுதினான், கண்டி அண்ணா எழுதியதை விடக் காரமாக. நான் கை வைக்கவில்லை.

இனி அடுத்த தலைவலி. அண்ணா ‘சலுகை அடிகள்’ என்று போகிற போக்கில் எழுதியதை அவன் பிடித்துக்கொண்டான். திறமை குறைந்தவருக்கு ஆட்டத்துக்கு முன்பே குறித்துவைத்து, அவர் எண்ணிக்கையில் கழித்துக்கொடுக்கும் அந்த ஹென்டிகெப் கணக்கு, ஆடிக் காட்டிய எண்ணிக்கைகளிலிருந்து கணிக்கப்படுவது, யாரும் தூக்கிக் கொடுப்பதல்ல, ஆகவே சலுகை என்பது தவறு என்கிறான். சொல்லைப் பார்த்தால் அவன் பக்கம்தான் நியாயம் இருப்பதுபோல் தெரிகிறது. அதற்குத் தனி இழை திறந்திருக்கிறேன். கண்டி அண்ணா முதலில் வந்து பதில் சொல்லட்டும்.